டன்ஸ்கார் நாயின் எலும்பு

முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு ராணியின் மடிநாய் கௌதாரி எலும்பை விழுங்கித் தொண்டையில் சிக்கவைத்துக்கொண்டது. எங்கள் குடும்பத்துக்குப் பிரபுப் பட்டம் வந்த கதை அவ்வளவுதான். அரண்மனை வைத்தியர்கள் மூன்று பேர் சுற்றி நின்று லத்தீனில் வாதாடிக்கொண்டிருந்தார்களாம். கம்பளி விற்கப் போயிருந்த எங்கள் முன்னோர் ஜோசையா எல்லர்பி குனிந்து, நாயின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, மெல்ல இழுத்து எலும்பை வெளியே எடுத்துவிட்டார். நாய் பிழைத்தது, ஜோசையா முதலாம் டன்ஸ்கார் பிரபு ஆனார். பிரபுக்களிலேயே கடைசி வரிசைதான். அதனாலென்ன, பிரபு பிரபுதானே!

எங்கள் சின்னத்தில் வாயைப் பிளந்த ஒரு நாய் இருக்கும். அதன் கீழே ‘மெல்ல இழு’ என்று எழுதியிருக்கும். மற்ற குடும்பங்களுக்குச் சிங்கம், கழுகு, வாள், ரத்தம். எங்களுக்கு இது. பள்ளிக்கூடத்தில் என்னை எவ்வளவு கேலி செய்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜோசையாவுக்குப் பிறகு வந்தவர்களையும் சொல்லிவிடுகிறேன், அதிக நேரம் ஆகாது. இரண்டாமவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்ததில்லை. மூன்றாமவர் வீட்டுக் கூரையில் இருந்த ஈயத்தை உருக்கி விற்று ஆகாயப் பலூன் வாங்கினார். பலூன் பறந்தது, அவரை ஏற்றிக்கொள்ளாமல். நான்காமவர் கண்ட இடத்தில் எல்லாம் ரூபார்ப் கீரை நட்டார். அதன் தண்டை இன்றைக்கும் வெட்டி மாளவில்லை. ஐந்தாமவரும் ஊர்ப் பாதிரியாரும் தேவாலயத்தில் யார் எந்த பெஞ்சில் உட்காருவது என்று சண்டை போட்டுப் பதினேழு வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஆறாமவர் என் தாத்தா, ஏழாமவர் என் அப்பா, எட்டாமவர் என் தம்பி ஹ்யூபர்ட்.

தம்பி என்றேன், கவனித்தீர்களா? ஏழாவது பிரபுவின் மூத்த பிள்ளை நான், லெட்டிஸ் எல்லர்பி. ஐந்து வருடம் மூத்தவள். ஹ்யூபர்ட் பிறந்தபோது தேவாலய மணி ஒரு மணி நேரம் அடித்தது. நான் பிறந்த அன்று அப்பா நாய்களை உலாத்தக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

எங்கள் ஊரான டன்ஸ்காரின் தேவாலய வாசலில் ஒரு கல் நாய் இருக்கிறது. அதன் வாய்க்குள், வெள்ளிப் பூண் போட்ட அதே கௌதாரி எலும்பு. புதிதாக ஒரு பிரபு வரும்போது ஊர் கூடும். பாதிரியார் ஒரு கேள்வி கேட்பார், குடும்பத்தில் மூத்தவர் யாராவது பதில் சொல்வார், புதியவர் இரண்டு விரலை விட்டு எலும்பை இழுத்துக் காட்டுவார். பிறகு எல்லோரும் கேக் சாப்பிடுவோம். தேவாலயச் சுவரில் அவர் பெயரும் அவர் அப்பா பெயரும் வெட்டப்படும்: ‘இன்னார், இன்னாரின் மகன்’. எனக்கு ஆறு வயதிருக்கும்போது அந்த நாயின் வாயில் விரலை விட்டேன். அப்பா என் கையில் ஓங்கி ஒன்று வைத்தார். “பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் ஆகாது.” அதன் பிறகு நான் அதைத் தொட்டதில்லை. எழுபது வருடம் ஞாயிறுதோறும் அதைக் கடந்து போனேன். ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது.

போன வசந்தத்தில் ஹ்யூபர்ட் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி கிடையாது. சாவதற்கு இரண்டு நாள் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“லெட்டி, எவனையாவது தேடிப் புடி. என்னோட முடிஞ்சு போச்சுன்னு இருக்க வேணாம்.”

“எனக்கு மட்டும் பட்டத்தக் குடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல,” என்றேன்.

“குடுக்கற அதிகாரம் எனக்கு இருந்திருந்தா, பத்து வயசுலயே ஒங்கிட்ட குடுத்துட்டு மீன் புடிக்கப் போயிருப்பேன்.”

அவன் மேல் எனக்கு என்றைக்கும் கோபம் இருந்ததில்லை. விதியை எழுதினவர்கள் மேல்தான்.

தேடினேன். ரூபார்ப் பிரபுவின் இளைய மகன் ஒருவர் ஹல் துறைமுகத்துக்கு ஓடிப்போய் மீன்பிடிக் கப்பலில் ஏறிவிட்டவர். அவர் வழியில் வந்தவர் டெஸ்மண்ட் எல்லர்பி. அறுபது வயது. ஹல் நகரத்தில் பதினான்காம் எண் பஸ் ஓட்டுகிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சீருடையோடே என் வீட்டுக்கு வந்தார். பெரிய மாளிகை எப்போதோ பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. நான் இருப்பது அதன் வாசலை ஒட்டிய காவல்காரர் வீட்டில். மிதியடியில் நான்கு தடவை காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“சர்க்கரை?” என்றேன்.

“மூணு கரண்டி, கண்ணு,” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அய்யய்யோ, மன்னிச்சுடுங்க மேடம். பஸ்ஸுல ஏறற எல்லாரையும் அப்பிடித்தான் கூப்புடுவேன். ஊர்ப் பழக்கம்.”

“எழுபத்தாறு வருஷத்துல என்னை யாரும் கண்ணுன்னு கூப்பிட்டதில்ல. பரவால்ல, கேக்க நல்லாத்தான் இருக்கு.”

பட்டத்தோடு என்னவெல்லாம் வரும் என்று கேட்டார். பூச்சி அரித்த அங்கி ஒன்று, ஒரு கௌதாரி எலும்பு என்றேன்.

“நல்ல வேளை. எங்க வீடு ரொம்பச் சின்னது.”

அந்த நிமிடமே எனக்கு மனிதரைப் பிடித்துப் போய்விட்டது.

அடுத்தடுத்த வாரங்களிலும் வந்தார். எட்டுப் பிரபுக்களின் பெயரையும் பஸ் நிறுத்தம் போல மனப்பாடம் செய்துகொண்டு ஒப்பித்தார். “ரூபார்ப் பிரபு எறங்குங்க, அடுத்தது பெஞ்சுச் சண்டை!” தேவாலயக் கூரைக் குழாயில் அடைத்திருந்த இலைகளை ஏணி போட்டு ஏறி அள்ளினார். எட்டுப் பிரபுக்களில் ஒருவராவது ஏணியில் ஏறியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இறங்கி வந்தவர் சுவரில் இருந்த பெயர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேடம், இதுல எங்கப்பா பேரும் வருமா?”

“வரும். டெஸ்மண்ட், வில்ஃப்ரெட்டின் மகன்.”

“அப்பா கப்பல்ல மீன் குடலை உருவுற வேலை பாத்தாரு. எனக்குப் பன்னெண்டு வயசுல ஐஸ்லாந்துப் பக்கம் கப்பலோட போயிட்டாரு. கல்லறை கிடையாது. அம்மா பூ வைக்கணும்னா துறைமுகத்துக்குப் போயி தண்ணியில போட்டுட்டு வருவாங்க.” மூக்கை உறிஞ்சினார். “பிரபுவும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவரு பேரு ஒரு கல்லுல இருந்தாப் போதும் மேடம்.”

நான் அழுகிற ஜாதி இல்லை. “கைய கழுவிட்டு வாங்க, டீ ஆறுது,” என்றேன்.

டெஸ்மண்டுக்கு ஒரு தம்பி உண்டு, நெவில். வீடுகளை ஒட்டிக் கண்ணாடி அறைகள் கட்டி விற்கிறவர். அண்ணன் பிரபு ஆகப்போகிறார் என்று கேள்விப்பட்டவுடன் தன் வண்டியில் நாய்ச் சின்னத்தை வரைந்துகொண்டார். போதாதற்கு நெல்லிக்காய் அளவுக்கு முத்திரை மோதிரம் ஒன்றும் செய்து போட்டுக்கொண்டார். “அண்ணே, நீ பஸ்ஸ விடு. பிரபுன்னா ஒரு கெத்து வேணும்,” என்று என் முன்னாலேயே சொன்னார். டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

லண்டனுக்கு அனுப்பக் காகிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றே ஒன்று பாக்கி, டெஸ்மண்டின் பெற்றோர் கல்யாணப் பத்திரம். வீட்டில் தண்ணீர் புகுந்தபோது போய்விட்டதாக அவர் அம்மா மோரீன் சொல்லியிருந்தார். பதிவு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். ஊரோ அதற்குள் அவசரப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை எலும்பு எடுக்கும் சடங்கு என்று பாதிரியார் அறிவித்துவிட்டார். கேக் போட்டிக்கும் பெயர் கொடுத்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தபாலில் பத்திரம் வந்தது. நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

டெஸ்மண்ட் பிறந்தது பிப்ரவரி மூன்று. கல்யாணம் நடந்தது பிப்ரவரி பதினான்கு. அதே வருடம்.

பதினோரு நாள்!

எங்கள் நாட்டில் பிள்ளை பிறந்த பிறகு தாயும் தகப்பனும் கல்யாணம் செய்துகொண்டால், வீடு, நிலம், பேர் எல்லாவற்றுக்கும் அது முறையான பிள்ளைதான். பட்டத்துக்கு மட்டும் கிடையாது. அவர் பிறக்கவே இல்லாதது போல அவரைத் தாண்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த தம்பிக்குப் பட்டம் போய்விடும். அதாவது நெவிலுக்கு. அந்த மோதிரத்துக்கு!

என் ரத்தம் கொதித்தது. முதலில் என்னைப் பெண் என்று தள்ளினார்கள். இப்போது இந்த மனிதரைப் பதினோரு நாளுக்காகத் தள்ளுகிறார்கள். என்ன சட்டம் இது, எந்த மடையன் எழுதினது? பத்திரத்தைச் சமையலறை மேசையில் அறைந்தேன். பூனை ஓடிப்போய் அலமாரி மேல் ஏறிக்கொண்டது.

மறுநாள் காலையில் ரயில் பிடித்து ஹல் போனேன். மோரீனுக்கு எழுபத்தொன்பது வயது. குட்டையான உருவம், நேரான முதுகு. எண்ணெய்ச் சட்டியில் உருளைக்கிழங்கு வடை பொரித்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த உறையைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தார்.

“கண்டுபுடிச்சுட்டீங்களாம்மா?”

“வேணும்னு தேடல. வந்து சேந்துடுச்சு,” என்றேன். இந்தத் தேதியால் டெஸ்மண்டுக்குப் பட்டம் கிடைக்காது என்பதையும் சொன்னேன்.

நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். “ஜனவரி இருபதுக்குக் கல்யாணம்னு நாள் குறிச்சிருந்தோம். கேக் கூட பண்ணியாச்சு. வில்ஃபோட கப்பல் மூணு வாரத்துல திரும்பணும். பனிக்கட்டில மாட்டிக்கிச்சு. இந்தப் பய அவசரக்காரன், முன்னாடியே பொறந்துட்டான். வில்ஃப் வந்து எறங்கினதும் மீன் நாத்தத்தோட நேரா கோயிலுக்குத்தான் வந்தாரு. குளிக்கக்கூட விடல நான்.”

“இதுல என்ன தப்பு இருக்கு?”

“ஒங்களுக்கு இல்லம்மா. எங்க தெருவுல அன்னிக்கு என்ன பேச்சுப் பேசுனாங்கன்னு எனக்குத் தெரியும். அடுத்த வருஷமே வீடு மாத்திட்டு வந்துட்டோம். புள்ளைங்ககிட்ட கல்யாணத் தேதிய ஒரு வருஷம் முன்னாடி தள்ளிச் சொன்னேன். அறுபது வருஷமா அதே பொய்.” என் கையைப் பிடித்தார். “அவன் அப்பா பேரு கல்லுல வரப்போவுதுன்னு சின்னப் புள்ள மாதிரி குதிச்சுட்டு இருக்கான். என்னால அது போச்சுன்னா எப்பிடித் தாங்குவேன்? சொல்லிடாதீங்கம்மா.”

ரயிலில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். பொய் சொல்வேன். நாளை பாதிரியார் கேட்கும்போது குடும்பத்தில் மூத்தவள் நான்தான், ‘நான் சொல்கிறேன்’ என்று நானே பதில் சொல்வேன். டெஸ்மண்ட் எலும்பை எடுக்கட்டும், கல்வெட்டுக்காரர் வில்ஃப்ரெட் பெயரை வெட்டட்டும். லண்டனுக்குக் காகிதமே அனுப்ப மாட்டேன். கேட்டால் தபாலில் தொலைந்தது என்பேன். முந்நூறு வருடத்தில் எல்லர்பி குடும்பம் செய்யாத அயோக்கியத்தனமா?

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. எங்கள் பக்கத்தில் அதுவே ஒரு செய்தி. ஹல்லில் இருந்து பஸ் ஓட்டுநர்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். கேக் பந்தலில் பதினெட்டு கேக். டெஸ்மண்ட் பூச்சி அரித்த அங்கியைப் போட்டுக்கொண்டு, அங்கியின் ஓட்டைகளில் விரலை விட்டு ஆட்டிக் குழந்தைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நெவில் மோதிரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாதிரியார் கல் நாயின் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார். “இங்கே நிற்கிறவர் முறைப்படி பிறந்த மூத்த மகன் என்று சொல்பவர் யார்?”

நான் ஓரடி முன்னால் வைத்தேன். வாயைத் திறந்தேன்.

டக் டக்கென்று கைத்தடிச் சத்தம் கேட்டது.

“வேணாம்மா,” என்றார் மோரீன். “கோயில் வாசல்ல நின்னு எனக்காக நீங்க பொய் சொல்ல வேணாம்.” கூட்டத்தின் பக்கம் திரும்பினார். குரல் நடுங்கவில்லை. “இவன் என் மூத்த மகன். என் கல்யாணத்துக்குப் பதினோரு நாள் முன்னாடி பொறந்தவன். இவன் அப்பா பனிக்கட்டில மாட்டிக்கிட்டாரு. அதனால பட்டம் இவனுக்குக் கிடையாதாம். தப்பு என்னுது. டெஸ்மண்ட், என்னை மன்னிச்சுடுடா.”

டெஸ்மண்ட் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போய், அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

“ஏம்மா, இதுக்கா அறுபது வருஷம் மன்னிப்புக் கேட்டுட்டு இருந்த? முப்பத்தஞ்சு வருஷமா பஸ் ஓட்றேன். பனி பேஞ்சா வண்டி லேட்டாத்தான் வரும். வந்து சேந்தாரா இல்லையா, அதச் சொல்லு.”

“வந்தாருடா. நாறிக்கிட்டு வந்தாரு.”

“அப்புறம் என்ன?”

பஸ் ஓட்டுநர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். ஊர் முழுக்கத் தட்டியது. அந்த ஆரவாரத்தில் ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“ஒரு நிமிஷம். அப்பிடின்னா பிரபு நான்தானே?”

நெவில்.

“நீயேதான்டா,” என்றார் டெஸ்மண்ட். அங்கியைக் கழற்றித் தம்பி தோளில் போட்டார். “கல்லுல அப்பா பேரு வரும்ல? நீ போட்டாலும் அதே வில்ஃப்ரெட்தானே?”

“வரும்,” என்றேன் நான். வேறு என்ன சொல்ல?

நெவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், நாயின் வாய்க்குள் கையை விட்டார். இரண்டு விரல் விட வேண்டிய இடத்தில் முழுக் கையையும் விட்டார். இழுத்தார். வரவில்லை. இன்னும் வேகமாக இழுத்தார். முகம் சிவந்தது. மோதிரம் கல் நாயின் பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

“எவனாச்சும் சுத்தியல் கொண்டாங்கடா!” என்று கத்தினார் ஒன்பதாம் டன்ஸ்கார் பிரபு.

“முந்நூறு வருஷத்து நாய்!” என்று பாதிரியார் குறுக்கே பாய்ந்தார்.

டெஸ்மண்ட் கேக் பந்தலுக்குப் போய் வெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். தம்பியின் மணிக்கட்டிலும் விரலிலும் வெண்ணெயைத் தடவினார். “இழுக்காத. ஒடம்ப தளர்த்து. அம்மா குளிப்பாட்டும்போது கத்துவியே, அது மாதிரி கத்தாத. மெல்ல... மெல்ல...” இரண்டு விரலை உள்ளே விட்டு, மோதிரத்தைத் திருப்பி, தம்பியின் கையை அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தார். கூடவே எலும்பும் அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

ஜோசையா எல்லர்பிக்குப் பிறகு ஒரு நாயின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, மெல்ல இழுத்து ஓர் உயிரைக் காப்பாற்றியவர் இவர்தான் என்பதைப் பள்ளிக்கூடக் குழந்தை கூடப் புரிந்துகொண்டது. நெவில் புரிந்துகொண்டாரா தெரியாது. அவர் விரலை ஊதிக்கொண்டிருந்தார். காகிதங்களைப் பிறகு நான்தான் அனுப்பினேன், இன்றைக்கு அவர்தான் பிரபு. அவர் வண்டியில் ‘டன்ஸ்கார் பிரபுவின் கண்ணாடி அறைகள்’ என்று எழுதியிருக்கிறது. விற்பனை அமோகமாம். ரூபார்ப் பிரபுவை விட ஒன்றும் மோசமில்லை.

அன்றைக்கு டெஸ்மண்ட் அந்த எலும்பைச் சட்டையில் துடைத்தார். தம்பியிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். குனிந்து, அதை மறுபடியும் நாயின் வாய்க்குள்ளேயே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மூத்த புள்ள யாரு, முறைப்படி பொறந்தது யாருன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. இந்த வீட்டுல மூத்த புள்ள, முறைப்படி பொறந்த புள்ள, எல்லாம் நீங்கதானே? ஹ்யூபர்ட்டுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி வந்துட்டீங்கன்னு நீங்களே சொன்னீங்க.”

“அதுக்கு இப்ப என்ன?” என்றேன்.

“வா கண்ணு,” என்று கையை நீட்டினார். “ரொம்ப நேரமா ஸ்டாப்புல நிக்கிற. ஏறு.”

நான் நடந்தேன். மோரீன் கைத்தடியை இடுக்கிக்கொண்டு கை தட்ட ஆரம்பித்தார். எழுபது வருடத்துக்குப் பிறகு அந்த நாயின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டேன். கல் சில்லென்று இருந்தது. அப்பா அடித்த இடம் அத்தனை வருடம் கழித்தும் சுரீரென்றது. எலும்பு விரலில் தட்டுப்பட்டது. இவ்வளவு சின்னதா! இதற்கா!

மெல்ல இழுத்தேன். வந்துவிட்டது.

தேவாலய மணி அடித்தது. யார் அடித்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்த நேரத்தில் பாதிரியாரைக் காணவில்லை. நான் அழுகிற ஜாதி இல்லை என்று சொன்னேன் அல்லவா? அன்று கேக் சாப்பிடும் வரை அழுதேன்.